ஒற்றைச் சிப்பாயின் யாத்திரை

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறும் பிரயாணி ஒரு நிமிஷம் பிந்தினால் ரயில் போய்விடும். சதுரங்கத்திலோ, ஒரு கட்டம் தவறினால் ராஜ்யமே போய்விடும்!

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் ஒன்றில் திண்டிவனத்துக் குமாஸ்தா ஒருவரும் விழுப்புரத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் எதிரெதிரே அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். யானை, குதிரை, மந்திரி யாவும் மாண்டு போயின. குமாஸ்தாவுக்கு மிஞ்சியவை ராஜாவும் ஒரு சிப்பாயும். சிறுமிக்கு ராஜா மாத்திரமே. நடுவரிசைச் சிப்பாய் ஆறாம் கட்டத்தை எட்டிவிட்டது. அதன் பின்னால் அவருடைய ராஜா. அதற்கு நேர் முன்னால் இவளுடைய ராஜா. இப்போது ஆட வேண்டியவள் சிறுமி.

அவளுக்கு உள்ள வழிகள் மூன்றே: நேர் பின்னால் ஒன்று, மூலைவாட்டில் பின்னால் இரண்டு. மூலைக் கட்டத்துக்கு ஒதுங்கினால் தோல்வி நிச்சயம். சிப்பாய் எட்டாம் கட்டம் சென்று மந்திரியாகிவிடும். நேராகப் பின்வாங்கினாலோ ஆட்டம் சரிசமம். குமாஸ்தாவின் ராஜா எந்தப் பக்கம் முன்னேறினாலும், இவள் தன் ராஜாவை அதற்கு நேரெதிரே நிறுத்த வேண்டும். சிப்பாய் 'செக்' சொல்லி ஏழாம் கட்டத்தில் வந்து நின்றால், உடனே அதன் முன்னே போய் வழிமறிக்க வேண்டும். பிறகு சிப்பாயைக் கைவிட்டால் அது வெட்டுப்படும். காக்கப் போனாலோ, செக் இல்லாமலே சிறுமியின் ராஜாவுக்கு நகர இடமிராது. அப்போதும் வெற்றி தோல்வி இல்லை!

அற்ப விஷயம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 2024-ம் வருஷம் டிஸம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் டிங் லிரனும் நமது சென்னைப் பிள்ளை குகேஷும் ஆடிய பதினான்காவது ஆட்டம் இத்தகைய கட்டத்திலேதான் முடிந்தது. டிங் 55-வது தடவை ஆடியபோது யானையைத் தவறான இடத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு மறைய, ராஜாக்களும் சிப்பாய்களுமே மிஞ்சின. குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. அவ்வளவுதான், பதினெட்டு வயதுப் பாலகன் உலக விருதைப் பெற்றுவிட்டான்!

பாரத நாட்டில் பிறந்து, பாரசீகம், அரபு தேசம் வழியாக ஐரோப்பா சென்று, புதிய விதிகளுடன் திரும்பி வந்த விளையாட்டு இது. அதில் நம்மவரான மானுவல் ஆரன் 1961-ல் நாட்டின் முதல் இண்டர்நாஷனல் மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் உலக தேசங்கள் பல கூடி ஒலிம்பியாட் ஆடின.

அந்தப் பெருமை வளர வேண்டிய இடம் நமது வீட்டுக் கூடமே. இன்று மாலை பலகையில் மூன்றே காய்களை வைத்து, குழந்தையைக் கூப்பிட்டு, "எங்கே போவாய்?" என்று கேளுங்கள். ஆபத்து வேளையில் ஒதுங்கி ஓடாமல் நேரே நின்று பின்வாங்குவதும் ஒரு வீரமே என்பதை அது தானாகவே கண்டுகொள்ளும்.