வழி தவறாத செல்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவை சந்நிதிக்கு வந்தால், குடத்துச் சாம்பலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்ததை நினைத்து மெய் சிலிர்க்கிறோம். சிலிர்க்க வேண்டியதுதான். தாய் வயிற்றில் நான்காவது வாரத்தில் நடப்பதும் அதற்குச் சளைத்ததில்லை.

அப்போது கரு ஓர் அரிசியளவுகூட இருக்காது. அதற்குள் அடுத்த தலைமுறைக்கான விதைச்செல்களை இறைவன் தனியே எடுத்து வைத்துவிடுகிறான். எங்கே? கருவோடு ஒட்டிய கருவுணவுப் பையின் சுவரில். அங்கிருந்து அவை குடலோரமாக ஊர்ந்து, விரையோ சூலகமோ உருவாகப்போகும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. கண் கிடையாது, மூளை கிடையாது. வழியிலுள்ள திசுக்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன; செல்லின் மேலுள்ள 'கிட்' என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டே நகர்கிறது. உட்கருவில் 'ஆக்ட்-4' என்ற இன்னொரு புரதம், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஆற்றலைக் காத்து நிற்கிறது. சேர வேண்டிய இடம் சேர்ந்து செல் முதிர்ந்ததும் ஆக்ட்-4 அடங்கிவிடும்.

எங்கோ ஒரு செல்லில் அது அடங்காமலே போவதுண்டு. அந்தச் செல் பருவ வயது வரை பதுங்கிக் கிடந்து, பிறகு விரைப்புற்றாகலாம். அப்படிப் பதுங்கியிருந்த செல்களை டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபெக் 1972-ல் அடையாளம் காட்டினார். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு நுரையீரல்களுக்கு நடுவே வந்ததும் இந்த இனக் கட்டிதான். பயணத்தில் வழியிலேயே தங்கிவிட்ட செல்லின் வேலை என்பது நெடுநாளைய விளக்கம்.

அடங்காத ஆக்ட்-4-ஐப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி வழியே கண்ணாலேயே பார்க்கலாம். கட்டியின் திசுவை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்துகிறார்கள். ஆக்ட்-4 புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்துச் சாயமேற்றினால், நீலத் திசுவில் சில உட்கருக்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். கூடவே கிட் தென்பட்டால் 'செமினோமா' என்ற வகை. சிடி-30 என்ற புரதம் தென்பட்டால் வேறு வகை. கருவிலிருக்கும் சிசுவின் ரத்தத்தில் ஓடும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் முப்பது வயது ஆணின் கட்டியில் கிடைத்தால் இன்னொரு வகை. நோயைக் காட்டிக்கொடுப்பவை, நம்மை உருவாக்கிய அதே புரதங்கள்!

இதைப் படைப்பின் பிழை என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வருவதில்லை. மற்றவர்களிடமெல்லாம் கணக்கு பிசகவில்லையே!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, பரவிவிட்ட விரைப்புற்று பெரும்பாலும் உயிரைக் குடித்தது. 1970-களில் பிளாட்டினம் கலந்த 'சிஸ்பிளாட்டின்' வந்தபின் பரவிய நோயும் பெரும்பாலும் குணமாகிறது.

பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களே, விரையில் வலியில்லாத கட்டியோ வீக்கமோ தட்டுப்பட்டால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். கீழே இறங்காத விரையில் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பிறந்து ஆறு மாதமாகியும் ஆண் குழந்தைக்கு விரை இறங்காவிட்டால், பெற்றோர் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.