ரோல்ஸ் ராய்ஸுக்கு பாடி கட்டியது யார்?

பழைய படங்களில் வரும் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் ஏன் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, தெரியுமா?

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அந்தக் கம்பெனி இன்ஜினும் சேசிஸும் மட்டும்தான் கொடுக்கும். பாடியை ஹூப்பர், பார்க்கர் மாதிரி தனிப் பட்டறைகள் கட்டும். துணி ஒருத்தர், தையல் ஒருத்தர் என்று நம்ம திருப்பூரில் நடக்கும் ஜாப் ஒர்க் மாதிரியேதான்!

முன்பக்க ரேடியேட்டர் கம்பெனியைக் காட்டிக்கொடுத்துவிடும். பாடி கட்டியவர் பெயரோ, கதவடியில், கால் வைத்து ஏறும் இடத்தில், சின்னத் தகட்டில் இருக்கும். திரையில் அது எங்கே தெரியும்? மட்கார்டு வளைவையும் ஜன்னல் அமைப்பையும் வைத்தே ரசிகர்கள் பட்டறையைக் கண்டுபிடிக்கிறார்கள். அபாரமான கண்!

அந்தக் காலத்துக் கார்களை நேரில் பார்க்க, கோவை அவினாசி ரோட்டிலுள்ள ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாங்க.