செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு யார் பொறுப்பு?

மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஏதாவது ஓர் இல்லத்தில் சாப்பாடு போட வேண்டும் என்றார் நண்பர். துணைக்கு நானும் போனேன். குழந்தைகள் இல்லத்தின் அலுவலக அறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் எழுத இடமில்லை. காலை டிபன் ஒருவர், மதியம் இன்னொருவர், சாயங்காலம் கேக் வேறொருவர். ஒரு ஞாயிறு மதியத்துக்கு மட்டும் இரண்டு பெயர்கள் மோதிக்கொண்டிருந்தன. செவ்வாய், புதன் எல்லாம் வெறும் தேதிகள்.

பொறுப்பாளர் அம்மா தயங்கித்தான் சொன்னார்: "பிரியாணி வேணாம் சார். போன ஞாயிறு ரெண்டு வேளையும் பிரியாணி. திங்கக்கிழமை பாதிப் பிள்ளைங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு ஸ்கூலுக்கே போகல. முடிஞ்சா இந்த மாசம் கரண்ட் பில் கட்டிக் குடுங்களேன்."

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. கரண்ட் பில்லைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட முடியாதே! அதைவிட ஆழமான தயக்கம் ஒன்றை வெளியே வந்ததும் சொன்னார். "சோறு போட்டா கண்ணு முன்னாடி வயித்துக்குள்ள போகுது. காசு குடுத்தா யார் வயித்துக்குப் போகுதோ?"

சோறா காசா என்ற கேள்விக்கு அடியில் கிடப்பது இந்தச் சந்தேகம்தான். அது வீண் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்கான விலையை நாம் கொடுப்பதில்லை, செவ்வாய்க்கிழமை மதியம் தட்டோடு உட்காரும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். 50 பேருக்குத் தலைக்கு 150 ரூபாய் என்று கடையில் பிரியாணி வாங்கினால் 7,500 ரூபாய். ஒரே வேளையில் தீர்ந்தது. மூட்டையாக அரிசி, மொத்த விலையில் பருப்பு, எண்ணெய், காய் வாங்கித் தன் அடுப்பிலேயே பொங்கும் இல்லத்துக்கு இதே தொகை இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாடு. அரிசிக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். சிலிண்டருக்கும், சமையல்கார அக்காவின் சம்பளத்துக்கும், நாப்கினுக்கும், ராத்திரி காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் ஆட்டோவுக்கும்தான் யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை.

அந்த அம்மா ஸ்டோர் ரூமையும் திறந்து காட்டினார். ஒரு அலமாரி முழுக்க பிஸ்கட். கீழே ஓர் அட்டைப் பெட்டியில் தேதி முடிந்த நூடுல்ஸ். பக்கத்தில், மூடி திறந்து பாதி காலியான சத்துமாவு டப்பா. யார் வீட்டு அலமாரியையோ ஒழித்த குப்பை அது. தூக்கிப் போடுவதற்கும் ஆள் வேண்டும் என்பது கொடுத்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சமைத்த சோறாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வடித்த சோறு, பந்தி முடிந்து மிஞ்சி, வேனில் ஏறி, மூன்று மணிக்கு இல்லம் வந்து சேர்கிறது என்று வையுங்கள். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர வைத்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும். சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் ஒரு வகை நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே 2019இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது இதனால்தான். அன்னதானத்துக்கும் விதிகள் உண்டு. சித்திரைத் திருவிழாவில் மதுரையிலும் கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையிலும் அன்னதானம் செய்வோர் முன்கூட்டியே பதிவோ அனுமதியோ பெற வேண்டும் என்று அறிவிப்பார்கள். "புண்ணியத்துக்குப் போடுற சோத்துக்குமா லைசென்ஸ்?" என்று கோபப்படுகிறவர்கள், சாப்பிடுகிறவரின் வயிற்றுக்குப் புண்ணியம் பாவம் தெரியாது என்பதை யோசிக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்ததே என்பதற்காகக் கெட்ட உணவைப் பொறுத்துக்கொள்ளும் கடமை யாருக்கும் இல்லை. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.

அப்படியானால் சோறே போடக் கூடாதா? 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் தண்ணீரோடு மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அங்கே பர்ஸில் எவ்வளவு இருந்து என்ன பிரயோஜனம்? கடை திறக்காத அந்த ஓரிரு நாட்களுக்குச் சோறுதான் உதவி. வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்கு மூட்டை மூட்டையாக வரும் அரிசியும் காயும் வீணாவதில்லை. அங்கே தினமும் எரிகிற அடுப்பும், சமைக்கத் தெரிந்த கைகளும், காத்திருக்கும் பந்தியும் இருக்கின்றன. பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். பிரித்த பாக்கெட் வேண்டாம்.

காசு கொடுப்பதாக இருந்தால், நண்பரின் சந்தேகத்துக்கு மருந்து இருக்கிறது. அது குழந்தைகள் இல்லமானால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பார்கள். ஆண்டுக் கணக்கையும் கேட்கலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 80ஜி என்று நமக்குப் பழகிப்போன வரிச் சலுகை, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, அரிசியாகவோ பிரியாணியாகவோ கொடுத்தாலும் கிடையாது.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயர்தானா என்று ஒரு நொடி பாருங்கள். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, இல்லத்தின் எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். வெள்ளம், புயல் என்றால் இரண்டாம் நாளே போலிக் கணக்குகள் முளைத்துவிடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால்தான் அந்தப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு.

போட்டோ விஷயம் தனி. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடக் கூடாது என்று அதே 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக்கோடு நிற்க வைத்து எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போது பத்து வயதுப் பிள்ளை "எடுக்காதீங்க அங்கிள்" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. தெருவோரம் தினமும் நாம் பொட்டலம் கொடுக்கும் பாட்டிக்கு ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோமா? பரம ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது. விண்ணப்பத்தை நிரப்பி, தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே இரண்டு நடை போய் வந்தால் அது நூறு பொட்டலத்துக்குச் சமம் என்பேன்.

நண்பர் அன்று ரொம்ப நேரம் பேசவில்லை. மறுவாரம் மின்கட்டண எண்ணை வாங்கி ஆன்லைனில் கட்டினார். ரசீதைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா காலண்டரை எடுத்து, ஒரு புதன்கிழமைக் கட்டத்தில் பாப்பாவின் பெயரை எழுதி, கீழே பொடி எழுத்தில் 'கரண்ட்' என்று எழுதிக்கொண்டார். அதை மட்டும் நண்பர் படம் எடுத்தார்.