இரண்டு சிப் போட்டால் நான்கு என்று எண்ணும் கணினி

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் சர்வர்களுக்கான புதிய ஸியான் சிப்களை விற்பனைக்கு விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் இரண்டு சிப்தான் இருக்கும். மூடிவிட்டு விண்டோஸ் 2000இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நான்கு பிராசஸருக்கான நான்கு கட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கு இரண்டு இலவசம் என்ற சந்தோஷம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. விண்டோஸ் 2000 சர்வர் என்ற பதிப்பு நான்கு பிராசஸர் வரைதான் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எட்டு வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்டு சர்வரை வாங்கவேண்டும். நான்கு சிப் பொருத்திய சர்வரில் புதிய ஸியான்களை மாட்டினால் எண்ணிக்கை எட்டாகிவிடும். இயங்குதளமோ நான்கை எண்ணியதும் கதவைச் சாத்திவிடும். காசு கொடுத்து வாங்கிய புது வசதி உள்ளே சும்மா கிடக்கும்.

அதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம். எட்டுப் பெயர் உள்ள பட்டியலில் முதல் நான்கு பெயரும் முதல் இரண்டு சிப்புக்கே உரியதாக இருந்தால், மற்ற இரண்டு சிப்பும் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இதைத் தடுக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். கணினி விழிக்கும்போது பிராசஸர் பட்டியலைத் தயாரித்துத் தருவது பயாஸ். ஒவ்வொரு சிப்பிலிருந்தும் முதலில் ஒன்றை எழுதி, எல்லா சிப்பும் முடிந்த பிறகே இரண்டாவதை எழுதவேண்டும் என்று அதற்கு வரிசை வகுக்கப்பட்டது. அப்போது முதல் நான்கை மட்டும் எடுத்தாலும் நான்கு சிப்பும் வேலைக்கு வந்துவிடும். பந்தியில் இலை போடுகிற வரிசையை மாற்றிச் சமாளித்த கதைதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணமான நுட்பத்தின் பெயர் ஹைப்பர் திரெடிங். ஒரு தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். ஒரே மாஸ்டர் நின்றால், மாவு தீர்ந்து ஸ்டோர் ரூமிலிருந்து வரும்வரை கல் வெறுமனே காயும். அதே கல்லில் இன்னொரு மாஸ்டரையும் நிறுத்தினால், முதலாமவர் மாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாமவர் தன் ஆர்டரை ஊற்றிவிடுவார். இருவருக்கும் தனித்தனி ஆர்டர் சீட்டு உண்டு, கல் ஒன்றுதான். சிப்பிலும் இதுதான் நடக்கிறது. எந்த வரிவரை வேலை முடிந்தது, கையில் என்ன எண்கள் இருக்கின்றன என்ற குறிப்புகளை வைக்கும் ரெஜிஸ்டர்கள் இரண்டு செட். கூட்டிக் கழிக்கும் உறுப்புகள், கேஷ் எல்லாம் பொது. மாவு வரும் ஸ்டோர் ரூம்தான் மெமரி. சிப்பின் வேகத்துக்கு அது எப்போதும் மெதுவாகத்தான் வரும்.

இரண்டாவது மாஸ்டருக்கான கூடுதல் இடம் சிப்பின் பரப்பில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்றும், சர்வர் வேலைகளில் லாபம் 30 சதவீதம் வரை வரும் என்றும் இன்டெல் அப்போது சொன்னது. விற்பவரே சொல்லும் உச்சக் கணக்கு அது. இரண்டு மடங்கு என்று அவர்களே சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்த இடத்தில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் மீதி சுலபம். மதர்போர்டில் சிப் உட்காரும் குழி சாக்கெட். சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி கோர்; அதுதான் தோசைக்கல். கல்லருகே நிற்கும் மாஸ்டர் திரெட். இயங்குதளத்தின் பாஷையில் லாஜிக்கல் பிராசஸர். ஒரு கல்லுக்கு இருவர்தான் என்று சட்டம் ஏதும் கிடையாது. சன் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த அல்ட்ராஸ்பார்க் டி1 சிப்பில் ஒரு கோருக்கு நான்கு திரெட். ஐபிஎம்மின் பவர்8 சிப்பில் எட்டு.

இயங்குதளம் இதையெல்லாம் கண்ணால் பார்த்து எண்ணுவதில்லை. சிப்பிடமே கேட்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்களில் அதற்கென்றே சிபியுஐடி என்ற ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு லாஜிக்கல் பிராசஸருக்கும் ஏபிக் ஐடி என்ற எண்ணும் உண்டு. வீட்டு முகவரி போன்ற எண் அது: இரும எண்ணாக எழுதினால் கடைசி பிட் எந்த திரெட் என்று சொல்லும், அதற்கு முந்தைய சில பிட்கள் எந்த கோர் என்று சொல்லும், அதற்கும் முன்னால் இருப்பவை எந்த சாக்கெட் என்று சொல்லும். எத்தனை பிட் எதற்கு என்பதையும் சிபியுஐடியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே சாக்கெட் எண், ஒரே கோர் எண் உள்ள இருவர் ஒரே கல்லில் நிற்பவர்கள். இயங்குதளத்தின் கணக்கு இவ்வளவுதான்.

ஒரு சர்வரை நேரிலேயே பார்க்கலாம். இரண்டு சாக்கெட்டிலும் ஸியான் கோல்டு 6130 மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 16 கோர். லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று தட்டினால், மொத்தம் 64, ஒரு கோருக்கு திரெட் 2, ஒரு சாக்கெட்டுக்கு கோர் 16, சாக்கெட் 2 என்று பதில் வரும். இரண்டையும் பதினாறையும் இரண்டையும் பெருக்கினால் 64. என்ப்ராக் என்ற இன்னொரு கட்டளை இருக்கிறது. அது 64 என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும். அதில் கல் எத்தனை, ஆள் எத்தனை என்று தெரியாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதைத்தான் தட்டுகிறார்கள்.

விவரமாகப் பார்க்க விரும்புபவர்கள் ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறப்பார்கள். 64 பேருக்கும் தனித்தனிப் பத்தி. அதில் சிப்லிங்ஸ் என்று ஒரு வரி, 32 என்று இருக்கும். சிபியு கோர்ஸ் என்று இன்னொரு வரி, 16 என்று இருக்கும். முதல் எண் அந்த சாக்கெட்டில் உள்ள திரெட்களின் எண்ணிக்கை, இரண்டாவது கோர்களின் எண்ணிக்கை. இரண்டும் சமமாக இருந்தால் ஹைப்பர் திரெடிங் இல்லை, அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது. முதலாவது இரட்டிப்பாக இருந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்.

அதே கோப்பில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, கோர் ஐடி. பத்து கோர் உள்ள சில ஸியான் சிப்களில் இந்த எண்கள் 0 முதல் 4 வரை வந்து, அங்கிருந்து தாவி 8 முதல் 12 வரை போகும். பெரிய சிப்பாக வடிவமைத்து, சில கோர்களை முடக்கி விற்கும்போது நடுவே எண்கள் விடுபட்டுப்போகின்றன. கடைசி எண் 12 என்று பார்த்து, பூஜ்யத்தையும் சேர்த்து 13 கோர் என்று எண்ணிவிட்டால் வம்பு.

மற்றொன்று ஹெச்டி என்ற கொடி. அது இருந்தால் ஹைப்பர் திரெடிங் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2005இல் வந்த பென்டியம் டி சிப்பில் ஹைப்பர் திரெடிங் கிடையாது, இரண்டு கோர் மட்டும். இருந்தும் கொடி பறக்கும். ஹைப்பர் திரெடிங்கே தெரியாத ஏஎம்டியின் இரட்டைக் கோர் சிப்களிலும் பறக்கும். ஒரு சிப்புக்குள் ஒன்றுக்கு மேல் லாஜிக்கல் பிராசஸர் உண்டு என்பதை மட்டுமே அந்தக் கொடி சொல்கிறது. பழைய மென்பொருள்கள் இரண்டு கோரை இரண்டு சிப்பாக எண்ணிவிடாமல் இருக்க இந்தப் பழைய பாதையிலேயே தகவலை அனுப்பினார்கள். பெயரைப் பார்த்து ஏமாறுவது படிப்பவரின் பாடு.

இவ்வளவு மெனக்கெட்டு எண்ணுவது எதற்கு? வேலையைப் பங்கிடத்தான். நான்கு கல், எட்டு மாஸ்டர் இருக்கும் கடைக்கு நான்கே ஆர்டர் வந்தால் நான்கையும் வெவ்வேறு கல்லுக்குக் கொடுப்பதுதான் புத்தி. எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்த விண்டோஸ் 2000, ஒரே கல்லுக்கு இரண்டு ஆர்டரை அனுப்பிவிட்டுப் பக்கத்துக் கல்லைக் காயவிடும். விண்டோஸ் எக்ஸ்பியும் சர்வர் 2003ம் இந்த உறவைத் தெரிந்துகொண்டு வந்தன. லினக்ஸும் 2.6 வரிசையில் பழகிக்கொண்டது. சர்வர் 2003 இன்னொரு வழக்கையும் தீர்த்தது: லைசென்ஸ் வரம்புக்கு சாக்கெட்டில் உள்ள சிப்பை மட்டும் எண்ணுவது என்று.

நிர்வாகிகளை இன்றும் ஏமாற்றும் கணக்கு ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மேலே பார்த்த சர்வரில் 32 கோருக்கும் தலா ஒரு வேலை கொடுத்து முழுமூச்சாக ஓடவிட்டால், சிபியு பயன்பாடு 50 சதவீதம் என்று திரையில் காட்டும், ஏனென்றால் 64 பேரில் 32 பேர்தான் உழைக்கிறார்கள். பாதி சர்வர் காலி என்று நம்பி இன்னொரு மடங்கு வேலையை ஏற்றினால் திணறும். ஹைப்பர் திரெடிங் தரும் லாபம் 30 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 130இல் 100 ஏற்கெனவே செலவாகிவிட்டது. உண்மையில் 77 சதவீதம் நிரம்பிவிட்ட பெட்டி அது.

எது கோர் என்ற கேள்வி நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. 2011இல் வெளியிட்ட புல்டோசர் குடும்பத்துச் சிப்களில் சிலவற்றை ஏஎம்டி எட்டு கோர் என்று விற்றது. உள்ளே நான்கு மாட்யூல். ஒவ்வொன்றிலும் முழு எண் கணக்குப் போடும் பகுதி இரண்டு, தசமப் புள்ளிக் கணக்குப் பகுதியோ இருவருக்கும் பொது. ஒன்றா, இரண்டா? முதலில் விண்டோஸ் 7 எட்டையும் தனி கோர்களாகவே பார்த்தது. 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் விட்டது. அதற்குப்பின் மாட்யூலை ஹைப்பர் திரெடிங் ஜோடி போலவே அது நடத்தியது. விண்டோஸ் 8 வந்ததும் டாஸ்க் மேனேஜரில் கோர் 4, லாஜிக்கல் பிராசஸர் 8 என்று எழுதியே காட்டிவிட்டது. வாங்கியவர்கள் கலிபோர்னியாவில் 2015இல் வழக்குப் போட்டார்கள். 2019இல் 1.21 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ஏஎம்டி அதை முடித்துக்கொண்டது.

எண்ணிக்கை பெருகப் பெருக எண்ணும் கருவியே போதாமல் போவதும் உண்டு. எந்த வேலை எந்தப் பிராசஸரில் ஓடலாம் என்று விண்டோஸ் குறித்துவைப்பது 64 பிட் நீளமுள்ள ஒரு சொல்லில். ஆளுக்கு ஒரு பிட். 65ஆவது ஆளுக்கு இடமில்லை. சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் பிராசஸர்களை 64 பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரித்துச் சமாளித்தார்கள். குழுக்களைப் பற்றித் தெரியாத பழைய மென்பொருளுக்குத் தன் குழுவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. 2024இல் வந்த ஏஎம்டி எபிக் 9965இல் 192 கோர். இரண்டு சாக்கெட்டில் போட்டால் 768 லாஜிக்கல் பிராசஸர், குறைந்தது 12 குழு. நல்லவேளையாக, சர்வர் 2022 முதல் ஒரு மென்பொருள் தானாகவே எல்லாக் குழுக்களிலும் பரவி ஓட முடிகிறது.

சிப்புக்குள் கோர்கள் இப்படிப் பெருகியதும், சாக்கெட்டை மட்டும் எண்ணிக் காசு வாங்கிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2012 பதிப்பிலிருந்து கோர் கணக்குக்கு மாறியது. விண்டோஸ் சர்வர் 2016இல் மாறியது. சர்வரில் எத்தனை குறைவாக இருந்தாலும் 16 கோருக்காவது பணம் கட்டவேண்டும். ஆரக்கிள் நிறுவனம் கோர்களை எண்ணி, இன்டெல் சிப்பாக இருந்தால் 0.5ஆல் பெருக்கிக்கொள்கிறது, நம் 32 கோர் சர்வருக்கு 16 லைசென்ஸ். ஆக, ஒரே பெட்டி சாக்கெட் கணக்கில் 2, ஆரக்கிளுக்கு 16, மைக்ரோசாஃப்ட்டுக்கு 32, என்ப்ராக் கட்டளைக்கு 64.

ஒரே சர்வருக்குள் மென்பொருளாலேயே உருவாக்கும் கணினியான விர்ச்சுவல் மெஷின் வந்தபிறகு, 2002இன் பழைய பேய் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் இயங்குதளத்துக்கு நிஜ சிப்பின் முகவரி தெரியாது. அதை ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் சொல்வதே வேதம். எட்டு பிராசஸர் வேண்டும் என்று கேட்டால், அதை ஒரு சாக்கெட்டில் எட்டு கோர் என்றும் காட்டலாம், எட்டு சாக்கெட்டில் ஒவ்வொரு கோர் என்றும் காட்டலாம். இரண்டாவது முறைதான் வெகுகாலம் பல இடங்களில் இயல்பான அமைப்பாக இருந்தது. எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்போ, 2016, 2019, 2022 ஆகியவற்றில், நான்கு சாக்கெட் அல்லது 24 கோர், எது குறைவோ அதுவரைதான் பயன்படுத்தும்.

எட்டு சாக்கெட் என்று காட்டினால் நான்கோடு நின்றுவிடும். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். கூடுதலாக இன்னும் நான்கு பிராசஸரை ஒதுக்கிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு சாக்கெட் ஆகும், நான்குதான் ஓடும். விடை எஸ்க்யூஎல் சர்வரின் லாக் கோப்பில், அது விழித்த நேரத்து வரிகளிலேயே இருக்கும்: எட்டு சாக்கெட் கண்டேன், லைசென்ஸ்படி நான்கு லாஜிக்கல் பிராசஸரைப் பயன்படுத்துகிறேன் என்று. மெஷினை அணைத்து, அமைப்பில் சாக்கெட் 1, கோர் 8 என்று மாற்றி, மறுபடி ஏற்றினால் எட்டும் வேலைக்கு வந்துவிடும். சர்வர் அறைக்குள் யாரும் போயிருக்கவே மாட்டார்கள்.