ஒரு சாட்சி போதாது

கிரேக்க, ரோமானிய உலகைப் பற்றி முதுகலை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள், சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விசாரிக்கப் பழக வேண்டும். ரோமானியருக்கும் இந்தியாவுக்கும் நடந்த மிளகு வாணிகத்தையே எடுத்துக்கொள்வோம்.

இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 50 மில்லியன் செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுவதாக முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதினார். ரோமானியரின் ஆடம்பரத்தைச் சாடியவர் அவர். எனவே, மிகைப்படுத்தினாரா என்று கேட்க வேண்டியுள்ளது.

அடுத்த சான்று வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு. 1985இல் பதிப்பிக்கப்பட்ட இந்த ஏட்டின் ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தம் உள்ளது. மறுபக்கத்தில் ‘ஹெர்மாபொல்லோன்’ கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு உள்ளது: ஏறத்தாழ 7 மில்லியன் செஸ்டர்ஸ்! இது யாருக்கும் அறிவுரை சொல்ல எழுதியதன்று. வரிக்காகப் போட்ட கணக்கு. ஆனால், ஒரு கப்பலை வைத்து ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிட முடியாது.

எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் நடந்த அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு கிடைத்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால், வாணிகம் பெரியது என்பது உறுதி. பிளினியின் தொகையோ இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒன்று. இப்படி உறுதியையும் ஊகத்தையும் பிரித்து எழுதுவதே ஆய்வு.

இத்துறைக்குக் கிரேக்கமும் லத்தீனும் தேவை, இளங்கலையிலேயே தொடங்குங்கள். சங்கப் பாடலை மூலத்திலேயே படிக்கும் வாய்ப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.