எக்ஸ் என்றால் கர்நாடகம்

தூண்டில் – 11

'இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று மிரட்டியவர்களைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் போக்குவரத்து அபராதம். பறிபோன பணத்தை மீட்பது பற்றியும் சேர்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடம் இருக்கிறதா, பார்க்கலாம்.

'உங்கள் வாகனம் சிக்னலை மீறியுள்ளது. அபராதம் ரூ.1,000. விவரத்துக்குக் கீழே உள்ள கோப்பைத் திறக்கவும்.' வாட்ஸ்அப்பில் அசோகச் சக்கரம், காவல்துறை முத்திரை சகிதம் வருகிறது இது. தொகையைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனால் 2022 அக்டோபரிலிருந்து அபராதம் ஆயிரம் ரூபாய். அதே தொகையைத்தான் இவர்களும் கேட்கிறார்கள். லட்சம் என்றால் நாலு பேரிடம் விசாரிப்போம். ஆயிரம் என்றால் 'கட்டித் தொலைப்போம்' என்று விரல் தானாகவே நகரும்.

சில செய்திகளில் நம் வண்டி எண்ணும் சரியாக இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். தெரு முழுக்கக் காட்டிக்கொண்டே ஓட்டும் எண் அது, அதிலென்ன ரகசியம்?

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? எழுத்துப் பிழையைப் பாருங்கள் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது மோசடிக்காரர்கள் பல அரசு அலுவலகங்களைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது அனுப்பியவர் பெயரை. இந்த வாரம் நான் சொக்கிப்போனது அங்கேதான்.

வங்கியோ அரசோ அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் தலையில் பத்து இலக்க எண் இருக்காது. இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, அப்புறம் நிறுவனத்தின் சுருக்கப் பெயர். அந்த முதல் இரண்டு எழுத்தை நாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது ஒரு முகவரி. முதல் எழுத்து தொலைபேசி நிறுவனம்: ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ, பி என்றால் பிஎஸ்என்எல், வி என்றால் பழைய வோடஃபோன். இரண்டாவது எழுத்து, செய்தி கிளம்பும் தொலைத்தொடர்பு வட்டம். டி (T) தமிழ்நாடு. டெல்லிக்கும் டிதான், ஆனால் ஆங்கிலத்தின் நாலாவது எழுத்து (D). 'கே'யைக் கொல்கத்தா எடுத்துக்கொண்டதால் கேரளத்துக்கு எல், கர்நாடகத்துக்கு எக்ஸ். 'எம்' மும்பைக்குப் போய்விட, மகாராஷ்டிரத்துக்கு இசட், மத்தியப் பிரதேசத்துக்கு ஒய். 'ஏ'வை ஆந்திரம் பிடித்துக்கொண்டதில் அசாம் எஸ் ஆனது. பந்தியில் பிந்தி வந்தவர்களுக்குக் கிடைத்த இலை மாதிரி! 'ஏஎக்ஸ்' என்று தொடங்கினால் ஏர்டெல், கர்நாடகம் என்று இனி நீங்களே படித்துவிடலாம். நான் என் கைபேசியில் பழைய செய்திகளையெல்லாம் தோண்டி எடுத்து ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை தாமதமானதற்கு ஆசிரியர் என்னைத் திட்டியது நியாயமே.

2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் இதற்கு ஒரு வாலும் சேர்த்தது. பெயரின் கடைசியில் பி (P) இருந்தால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி (T) என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. அபராதம் என்று சொல்லிக்கொண்டு வருவது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். முன்பே பதிவு செய்யாத இணைப்புகளையும் ஏபிகே கோப்புகளையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப 2024 அக்டோபரிலிருந்து தடையும் இருக்கிறது. வாசலில் காவல் கூடினால் திருடன் கொல்லைப்புறம் போவான்; இந்தக் கொல்லைப்புறத்துக்குப் பெயர் வாட்ஸ்அப்.

வாட்ஸ்அப்பில் இந்தத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அனுப்பியவர் தெரிந்தவராகவே இருக்கலாம் என்பதுதான் விபரீதம். ஒரு குடியிருப்பின் குழுவில் சங்கச் செயலாளர் பெயரிலேயே இந்தச் சலான் வந்தது. கீழ்த்தளத்துக்காரர் போன் போட்டு, "சார், என் வண்டி மூணு மாசமா ஷெட்லதான் நிக்குது. அது எப்படி சார் சிக்னலைத் தாண்டும்?" என்று கேட்ட பிறகுதான், தன் கைபேசி கைமாறிப்போனது செயலாளருக்கே தெரிந்தது.

ஏபிகே என்பது படமோ ரசீதோ அல்ல, ஒரு முழுச் செயலி. ஆண்ட்ராய்டில் நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி அத்தனையும் அந்தப் பக்கம் போகும். ஐபோனில் இந்தக் கோப்பு வேலை செய்யாது. 2024-இல் கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இப்படி ஒரு போலிச் சலான் கும்பலைப் பின்தொடர்ந்து வியட்நாமில் போய் நின்றது. 4,400-க்கும் மேற்பட்ட கைபேசிகள், 16 லட்சம் ரூபாய்க்கு மேல். அதிகம் சிக்கியது குஜராத், அடுத்தது நம் எக்ஸ். அவர்கள் வங்கிக் கணக்கைத் துடைக்கவில்லை. இணையக் கடைகளில் பரிசு அட்டை வாங்கிச் செலவழித்தார்கள். பணம் எந்தக் கணக்குக்கும் போகாததால் தடம் பிடிப்பது கடினம். கெட்டிக்காரத்தனத்தை நல்லதற்குச் செலவழித்திருக்கலாம்.

உண்மையிலேயே அபராதம் இருக்கிறதா என்று பார்க்க யாருடைய இணைப்பும் தேவையில்லை. 'இசலான் புள்ளி பரிவாகன் புள்ளி ஜிஓவி புள்ளி இன்' என்ற ஆங்கில முகவரியை நீங்களே தட்டுங்கள். வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. முகவரியை வலமிருந்து இடமாகப் படிப்பது நல்லது. 'பரிவாகன்' என்ற சொல்லை யாரும் எங்கும் செருகலாம், 'ஜிஓவி புள்ளி இன்' என்று முடியும் முகவரியை அரசு மட்டுமே வழங்குகிறது. கேமரா பிடித்த குற்றமென்றால், மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி, நம்பர் பிளேட் தெரியும் புகைப்படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் அனுப்பவும் வேண்டும். படமே இல்லாமல் பணம் கேட்பவர் போலீஸ் அல்ல.

பணத்தை மீட்கும் கதைக்கு இடமில்லாமல் போய்விட்டது, குற்றம் எக்ஸினுடையது. இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்ததும் பணம் எந்தெந்த வங்கி வழியாகத் துரத்தப்படுகிறது, முதல் சில மணி நேரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் அடுத்த வாரம். அவசரக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்: கோப்பைத் திறந்துவிட்டவர்கள் கைபேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து முதலில் வங்கியையும் பிறகு 1930-ஐயும் கூப்பிடட்டும்.