பாட்டுக் கேட்கும் பிள்ளையின் மூளை



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகக் காணிக்கை அனுப்பும் சிலர், "பாட்டும் விளையாட்டுமாகப் பயிற்சி கொடுக்கிறீர்களே, உள்ளே ஏதாவது மாறுகிறதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சிங்கவரத்தில் இதைச் சொல்லச் செஞ்சிக் கோட்டையே போதும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் மதில் இணைத்ததால்தான் அது கோட்டை. இல்லாவிட்டால் வெறும் மலைகள். மூளையிலும் கேட்கும் பகுதி, பார்க்கும் பகுதி, கைகால் அசைக்கும் பகுதி எல்லாம் நரம்பு இழைகளால் இணைந்து வேலை செய்கின்றன. ஆட்டிசத்தில் சில இணைப்புகள் பலவீனமாகவும், சில அளவுக்கு மிஞ்சியும் இருக்கக்கூடும். இது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

எப்படி அளக்கிறார்கள்? எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பிள்ளை அசையாமல் படுத்திருக்கும்போது, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் இரத்த ஓட்டம் ஒன்றாகக் கூடிக் குறைகிறது என்று பார்க்கிறார்கள். சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகள் தொடர்புள்ளவை. (அசையாமல் படுப்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு!)

ஹரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் சொல்லைக் கேட்கையில் ஆட்டிசப் பிள்ளைகளிடம் குறைந்து காணப்பட்ட இணைப்பு, அதே போன்ற சொல்லைப் பாடிக் காட்டியபோது குறையாமல் இருந்தது. அந்த ஆய்வை நடத்திய மேகா ஷர்தா பின்னர் கனடாவின் மான்ட்ரியலில் 6 முதல் 12 வயதுள்ள 51 பிள்ளைகளைச் சோதித்தார். வாரம் ஒரு முறை 45 நிமிடம், 8 முதல் 12 வாரம், பாதிப் பேருக்கு இசைப் பயிற்சி, மற்றவர்களுக்கு இசையில்லாத விளையாட்டு. 2018இல் முடிவு வந்தது. இசைப் பிள்ளைகளிடம் கேட்கும் பகுதிக்கும் அசைவுப் பகுதிக்கும் தொடர்பு கூடியிருந்தது; கேட்கும் பகுதிக்கும் பார்க்கும் பகுதிக்கும் மிஞ்சியிருந்த தொடர்பு தணிந்திருந்தது. பிள்ளைகள் பிறரோடு பழகுவதும் மேம்பட்டதாகப் பெற்றோர் கூறினர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 9 நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், இசைச் சிகிச்சையால் ஆட்டிச அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே பாட்டை அற்புத மருந்து என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

எங்களுக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வு. அதில் ஸ்கேன் இல்லை, நிபுணர்களும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையின் குறிப்பறிந்து பதில் தரப் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது. வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோருக்குப் பயிற்சி தருவதே அடிப்படை.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. "மூளை இணைப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் சில பெற்றோர் நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். ஆட்டிசத்தைக் கண்டறிய ஸ்கேன் தேவையில்லை; வலிப்பு போன்ற வேறு சந்தேகம் இருந்தால்தான் மருத்துவர் கேட்பார். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி ஆட்டிசத்துக்கு அதை ஏற்கவில்லை.

உங்கள் காணிக்கை இயந்திரம் வாங்குவதற்கு அல்ல. சிங்கவரத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வரும் தாய்க்குப் பஸ் கட்டணமாகவும், அன்று அவர் இழக்கும் கூலிக்கு ஈடாகவும், வீடு தேடிச் செல்லும் பணியாளரின் சம்பளமாகவும் அது செலவாகிறது. பாதியில் நின்றுபோன பிள்ளைகள் மறுபடியும் வரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.